வாழைக்குலைக்கு மரியாதை

1

திருவனந்தபுரத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் திருநெல்வேலியில் சிரிக்கிறீர்கள். அது என்ன ரங்கூனா, சிங்கப்பூரா, செங்கோட்டை வழியாக ரயில் ஏறினால் மறுநாள் இறங்கிவிடலாமே என்கிறீர்கள். ஏறிப் பாருங்கள். ஆரியங்காவு வந்ததும் சுங்கக்காரன் உங்கள் மூட்டையை அவிழ்த்துப் போடுவான். இறங்கினால் உங்கள் காசு வேறு, இங்குள்ள சக்கரம் வேறு. உங்கள் தபால்தலையை ஒட்டி இங்குள்ள அஞ்சல் பெட்டியில் போட்டால் கடிதம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ராஜா வேறு, சட்டம் வேறு, பள்ளிக்கூடத்துப் பாஷை வேறு. நடுவில் கடல் இல்லையே தவிர, வேற்று தேசத்துக்கு வேண்டியதெல்லாம் இங்கே குறைவில்லாமல் இருக்கிறது.

இந்த வாரம் மகாராஜாவின் பிறந்தநாள். தெருவெல்லாம் குருத்தோலைத் தோரணம். எனக்கும் இது ஒரு வருஷ நாள்தான். போன வருஷம் இதே கொண்டாட்டத்தில்தான் என் கால் போயிற்று. அண்ணன் கடிதத்தில், "ரேஸ் என்ன ஆச்சு என்று நீ எழுதவே இல்லையே" என்று கேட்டிருக்கிறான். ஓடுகிறவனுக்கு எவன் சோறு போடுவான் என்று சின்ன வயசில் என்னைக் கேலி செய்தவன் அவன். அவனுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். ஊரை நினைத்து உருகுவதற்காக எழுதவில்லை. ஊரில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தால் இங்கே வந்து இந்த மழையில் நனைந்துகொண்டிருக்க மாட்டேன்.

2

நான் இங்கே ஆண்கள் ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். வந்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் தற்காலிகம். இந்த ராஜ்யத்துப் பிரஜை இல்லாதவனுக்கு வருஷா வருஷம் உத்தரவு புதுப்பிக்க வேண்டும். அது பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்த கையோடு வரும். வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்காது.

கொண்டாட்டத்தில் ஒரு நாள் வாத்தியார்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் ஓட்டப் பந்தயம். பெரிய மைதானத்தில் ஆரம்பித்து, நேரே தெற்கே இறங்கி, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வழியாகக் கிழக்கே கோட்டையைத் தொட்டுத் திரும்பி, மறுபடி மைதானத்துக்கு வரவேண்டும். அதற்கு முன் ஐந்து வருஷமும் நான் அதில் ஓடியதில்லை. பரதேசி எதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று ஒதுங்கி இருந்தேன். போன வருஷம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் நம்ம ஊர் ஆறுமுகம் பிள்ளை என்னை விடவில்லை.

"டிரில் சார், நம்ம ஆளு ஒருத்தன் செயிச்சுக் காட்டணும்வே. இவனுவ நம்மள மூட்டை தூக்கவும் முறுக்குச் சுடவும் வந்தவன்னு நெனச்சிட்டிருக்கானுவ" என்றார்.

ஓடினேன். பழவங்காடி வந்தபோது எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால் வருகிறவர்களின் காலடிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. நம்ம ஊர்ச் சாலைக்காரர்கள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்று கத்தினார்கள். கோயில் வாசலில் யாரோ எனக்காகத் தேங்காய் உடைத்தார்கள். அப்போதுதான் கோட்டைப் பக்கமிருந்து அரண்மனைக் கார் வந்தது.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், வீட்டுக்காரர் என்னை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அரண்மனை வண்டி வந்தால் ஓரமாக நில்லு. குடையை மடக்கு. செருப்பைக் கழற்று. மேல்துணியை எடுத்து இடுப்பில் கட்டு. கும்பிடு. பரதேசிக்காரன் மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்காதே. அதுவரை நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்கள் நடக்கிற நடையிலேயே தலையைத் தாழ்த்திவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போகலாம், அவர்கள் வீட்டு ராஜா. நமக்கு அது செல்லாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகவே நின்றேன். முழு வேகத்தில் வந்தவன் ஒரே மிதியில் நின்றேன். குனிந்து கான்வாஸ் ஷூ நாடாவை அவிழ்த்தேன். வியர்வையில் ஒட்டிய பனியனைத் தலைவழியாக உருவி இடுப்பில் சுற்றினேன். இரண்டு கையையும் குவித்தேன். கார் மெதுவாக என்னைக் கடந்து போயிற்று. உள்ளே டிரைவர் மட்டும் இருந்தான். பின் இருக்கையில் பெரிய வாழைக்குலை ஒன்று சாய்ந்து கிடந்தது.

ராஜா உள்ளே இருந்தால் கார் முகப்பில் சின்னக் கொடி பறக்குமாம். கொடி இல்லாவிட்டால் வெறும் வண்டி. இந்த ஊரில் தொட்டிலை விட்டு இறங்கிய பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குப் பாடம் சொன்ன வீட்டுக்காரர் இதைச் சொல்லவில்லை. இதையும் ஒருவன் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். நான் வெறுங்காலோடு, வெற்று உடம்போடு பாய்ந்தேன். ஆறிப்போன கால் அந்தப் பாய்ச்சலைத் தாங்கவில்லை. கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. சதை கிழிந்துவிட்டது. ரோட்டில் உட்கார்ந்தேன். சாலைக்காரர்கள் இருந்த பக்கம் சத்தமே இல்லை. எதிர்ப்பக்கம் சிரிப்பு ஆரம்பித்திருந்தது.

3

கால் உடைந்திருந்தால் மரியாதை கிடைத்திருக்கும். எலும்பு உடைந்தால் கட்டுப் போடுவார்கள், பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சதை கிழிந்தவனை யாரும் நோயாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மாடிப்படி இறங்கும்போதெல்லாம் உயிர் போய்வரும். வைத்தியர் தைலம் போட்டு நீவிவிட்டு, "இனி ஓட்டம் மறந்நேக்கு" என்றார். மறக்கச் சொல்ல அவருக்கென்ன, அவர் எழுந்து நடந்து போய்விட்டார்.

முடிந்த பந்தயத்தில் தோற்றிருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். இது தோற்கவும் இல்லை, முடியவும் இல்லை. படுத்தால் பழவங்காடி வரைக்கும் ஓடுகிறேன், அதற்கு மேல் கால் போகமாட்டேன் என்கிறது. அந்த இடத்திலிருந்து மைதானம் வரைக்கும் உள்ள ரோட்டில் தினமும் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன். அது என் ரோடு, ஓடாமல் பாக்கி கிடக்கிறது. ஒரு வருஷமாக அந்த ரோட்டில் வேகமாகப் போகிற சைக்கிள்காரனைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு முக்காலி போட்டு, அதில் உட்கார்ந்து விசில் ஊதி டிரில் நடத்தினேன். வாழைக்குலையைக் கும்பிட்டவன் என்று பையன்கள் எனக்குக் "குல சார்" என்று பெயர் வைத்தார்கள். வரிசையில் எங்காவது மூலையிலிருந்து மெதுவாக வரும், "குல சாரே". யார் என்று கேட்டால் நாற்பது முகமும் ஒரே முகமாக இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் சாமர்த்தியம் எல்லாம் சிரிக்காமல் சிரிப்பதில்தான் இருக்கிறது. ஆறுமுகம் பிள்ளையும் அரிசி அளக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

4

கால் ஆறும்வரை சம்பளத்தோடு லீவு கேட்டு எழுதினேன். பள்ளிக்கூடம் அனுப்பித்தானே ஓடினேன். பள்ளி கிளார்க் கிருஷ்ணையர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். அவர் தாத்தா காலத்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவர்கள். தமிழ்தானே, நம்மவர்தானே என்று போனேன்.

"நீர் பாண்டிக்காரன் ஓய். நாங்க இந்த ராஜ்யத்துல மூணு தலைமுறை. அதை மொதல்ல மனசுல வச்சுக்கோரும்" என்று ஆரம்பித்தார். பாண்டிக்காரன் என்றால் இங்கே தமிழ்ச் சீமையிலிருந்து வந்தவன். "அடி பட்டது ஓடறச்சயா, நிக்கறச்சயா?"

"நின்னுட்டு, மறுபடி ஓடுறப்ப."

"ஏன் நின்னீர்?"

"அரமனை வண்டி வந்துது."

"வண்டிக்குள்ள மகாராஜா திருமனசு உண்டோ?"

"இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டேரா, இதை நான் எப்படி எழுதறது? காலி வண்டிக்கு நின்னார்னு எழுதினா நீர் மடையன். மடையனுக்கு லீவு இல்லை. நின்னதால கால் போச்சுன்னு எழுதினா, அரமனை வண்டியால கால் போச்சுன்னு ஆகும். அதை எழுதின கையோட நான் ஆத்துக்குப் போகவேண்டியதுதான். சரி, நின்னதே தப்புன்னு எழுதலாமா? அதைவிட வம்பு. நிக்காதேன்னு சொன்ன பாவம் எனக்கு எதுக்கு?"

"கொடி பாக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலியே சாமி."

"அது ஆராவது சொல்லித்தரணுமா ஓய்?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

கடைசியில் மேலே போன கடிதத்தில், ஓட்டத்தின் நடுவில் இவர் தன் இஷ்டப்படி நின்றார் என்று ஒரு வரி எழுதினார். எல்லாரும் தப்பித்தார்கள். அரண்மனை தப்பித்தது, பள்ளிக்கூடம் தப்பித்தது, கிருஷ்ணையர் தப்பித்தார். லீவு கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. தன் இஷ்டப்படி. இந்த ஊரில் ஏழு வருஷத்தில் நான் என் இஷ்டப்படி ஒரு கொட்டாவி விட்டதில்லை.

5

இனி வீட்டுக் கதை. எனக்கு ஒரே பெண், வடிவு. திருநெல்வேலியில் பிறந்து ஆறு வயசில் இங்கே வந்தவள். இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வந்த இரண்டாம் வருஷமே தூக்கத்தில் மலையாளத்தில் உளற ஆரம்பித்துவிட்டாள். அன்று ஒரு சட்டம் போட்டேன். வீட்டிலோ வெளியிலோ, என்னிடம் மலையாளத்தில் எது சொன்னாலும் நான் காதில் வாங்க மாட்டேன். பசிக்கிறது என்றாலும் சரி, கால் வலிக்கிறது என்றாலும் சரி. தமிழில் சொன்னால்தான் திரும்புவேன். இந்த விஷயத்தில் என் மனைவி செல்லம்மாள் எனக்கு எதிர்க்கட்சி. காய்கறிக்காரியிடம் பேசிப் பேசி அவளுக்கே "எந்தா" வந்துவிட்டது.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. வடிவு என்னிடம் மலையாளம் பேசுவதை விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வளருகிற பெண் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன்.

போன வாரம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் திட்டலாம். "சாரே, இத்தவண நிங்ஙள் ஓடண்டா. பழவங்காடியில் சிவப்புத் துணி பிடிச்சு நிக்கணும்" என்றார். இந்தத் தடவை நான் ஓட வேண்டாமாம். அரண்மனைக் கார் வந்தால் ஓடுகிறவர்கள் நிற்க வேண்டாம், ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று இந்த வருஷம் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறார்களாம். அதை ஓடுகிறவர்களுக்குச் சொல்ல அந்த முக்கில் ஒரு ஆள் வேண்டுமாம். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று கமிட்டியில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்களாம். அவர் முகத்தில் கேலி இல்லை. கமிட்டி முகங்களை நான் பார்க்கவில்லை.

"முடியாது என்றால்?" என்று கேட்டேன்.

அவர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். என் உத்தரவு இன்னும் புதுப்பித்து வரவில்லை என்பதை ஞாபகப்படுத்தினார்.

6

வீட்டுக்கு வந்து கத்தினேன். செருப்பை எறிந்தேன். இந்த ஊரை, அந்த டிரைவரை, கொடியைச் சொல்லித்தராத வீட்டுக்காரரை, கிருஷ்ணையரை, ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. "அத்தனை பேரு நின்னான், ஒருத்தனுக்காவது வாயத் தொறந்து காலி வண்டின்னு சொல்லத் தோணிச்சா? பாண்டிக்காரன் விழட்டும்னு பாத்துக்கிட்டு நின்னானுவ. மனுசனுவளா இவனுவ?"

வடிவு மூலையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நானும்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள்.

"என்னது?"

"நான் அங்கதான் நின்னேன் யப்பா. எங்க ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்திருந்தாவ. கார் வரும்போதே பாத்தேன். முன்னால கொடி இல்ல."

"பாத்தியா? பாத்துட்டு ஏன்ட்டி சொல்லல?"

"எந்த பாஷையில சொல்ல?"

செல்லம்மாள் அடுக்களையிலிருந்து வந்து கதவருகில் நின்றாள். வடிவு பின்னலை நிறுத்தவில்லை. "தமிழ்ல கத்துனா, கூட நின்னவளுவ எல்லாம் பாண்டின்னு சிரிப்பாளுவ. அதுவரைக்கும் அவளுவளுக்கு நான் பாண்டின்னு தெரியாது. மலையாளத்துல கத்துனா நீங்க திரும்ப மாட்டீய. அதான் ரெண்டுலயும் கத்தல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் ஊரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவன்தான் சொல்லாமல் நின்றவன், இவன்தான் சொல்லாமல் நின்றவன் என்று வெறுத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் நின்றது என் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது. அடிக்கக் கையை ஓங்கினேன். அவள் நகரவில்லை. கை தானாக இறங்கிவிட்டது. அன்றைக்கு மூன்று பேரும் சாப்பிட்டோம். குழம்பில் உப்பு இல்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை.

7

பந்தயத்தன்று டிரில் சட்டையைப் போட்டுக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய கம்போடு பழவங்காடி முக்கில் நின்றேன். போன வருஷம் உட்கார்ந்த அதே இடம். ஒரு போலீஸ்காரனைத் துணைக்குப் போட்டிருந்தார்கள். சாலைக்காரர்கள் ஒருவர் இருவர்தான் வந்திருந்தார்கள். எதிரே பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் வடிவு இருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. "குல சார்" என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. அதற்கும் பார்க்கவில்லை.

ஓடுகிறவர்கள் வடக்கே திருப்பத்தில் தெரிந்தார்கள். அதே சமயம் கோட்டைப் பக்கமிருந்து கார் வந்தது. என்னைக் கேலி செய்யவே இந்த ஊரில் எல்லாம் நேரம் பார்த்து நடக்கிறது. கூட்டம் அமைதியாயிற்று. குடைகள் மடங்கின. போலீஸ்காரன் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு என் காதருகில் சீறினான். "எடோ, ஷர்ட்டு ஊரெடோ."

சட்டையைக் கழற்று என்கிறான். நான் கார் முகப்பைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக ஓடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம். நெஞ்சு கிழியக் கத்திய சத்தம்.

"யப்பா, கொடி இருக்கு."

சுத்தமான திருநெல்வேலித் தமிழ். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் வடிவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவு அவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. ராஜா இருக்கிறார், மரியாதை செய்துவிடுங்கள், வேலை போய்விடும் என்கிறாள்.

"இருக்கட்டும்டி" என்றேன்.

முன்னால் வந்தவன் ஏதோ ஆபீஸ் குமாஸ்தா. காரைப் பார்த்ததும் கால் தயங்கி என் முகத்தைப் பார்த்தான். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நொடியில் சதை கிழியும். "நிக்காதேயும்வே, ஓடும்" என்று கத்திச் சிவப்புத் துணியை வீசினேன். அவன் ஓடினான். அவனுக்குப் பின்னால் எல்லாரும் ஓடினார்கள். எனக்கு இடது கை சும்மாதான் இருந்தது. பொத்தானை அவிழ்க்க அது போதும். அவிழ்க்கவில்லை. கார் என்னைக் கடந்து போயிற்று. உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிருஷ்ணையர் கூப்பிட்டார். போலீஸ்காரன் சொல்லியிருக்கிறான். "ஓய், காலி வண்டிக்குப் பனியனைக் கழட்டினீர். திருமனசு எழுந்தருளறச்சே மரம் மாதிரி நின்னீர். இதுக்கு நான் என்ன எழுதறது?"

"போன வருசம் எழுதினதையே எழுதும் சாமி. தன் இஷ்டப்படி நின்னான்னு எழுதும். இந்தத் தடவை அது நெசம்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். எழுதினாரா இல்லையா தெரியாது. உத்தரவு இன்னும் வரவில்லை. ஊர் திரும்புகிறாயா என்று கேட்டு யாரும் எனக்குக் கடிதம் போடாதீர்கள். அங்கே எனக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

அன்று சாயங்காலம் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தைலக் குப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நம்மளப் பறஞ்ஞு விடுமோ அப்பா?" என்றாள். நம்மை அனுப்பிவிடுவார்களா என்று மலையாளத்தில் கேட்கிறாள். சட்டப்படி நான் திரும்பக் கூடாது.

"விட்டா போவோம்" என்றேன். "விடலேன்னா அடுத்த வருசம் ஓடுவேன். நீ அங்கயே நின்னு கொடியப் பாத்துச் சொல்லு."

"எந்த பாஷையில?"

"எதுலயாவது சொல்லு. சத்தமாச் சொல்லு."